வீட்டு லேத் பட்டறைச் சீரமைப்பு: விருதுநகர் வட்டாரம்

வீட்டு லேத் பட்டறை என்பது வீட்டின் ஓர் அறையிலோ வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ ஒரு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு வைஸ் ஆகியவற்றை வைத்து ஓரிருவர் நடத்தும் சிறிய உலோக வேலைக்கூடம் ஆகும். பாடநூல்கள் கடைசல் இயந்திரம் என்று சொல்வதையே பட்டறையில் லேத் என்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தின் அச்சகங்கள், தீப்பெட்டி ஆலைகள், விசைத்தறிக் கூடங்கள், நூற்பாலைகள், எண்ணெய் ஆலைகள் ஆகியவற்றில் தேய்ந்த புஷ், உடைந்த ஷாஃப்ட், பல் போன கியர் ஆகியவை இத்தகைய பட்டறைகளைத் தேடி வருகின்றன.

இங்கே ஓடும் இயந்திரங்களில் பல, கைமாறி வந்த பழைய லேத்துகள். பஞ்சாபின் பட்டாலாவிலோ குஜராத்தின் ராஜ்கோட்டிலோ வார்க்கப்பட்டு, ஏதோ ஓர் ஆலையில் உழைத்து, பிறகு எடைக்கு எடை பேசி விற்கப்பட்டவை. இவற்றில் வேலை சரியாக வராதபோது "மெஷின் தேய்ந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். தேய்மானம் உண்மைதான். ஆனால் பிழையில் கணிசமான பங்கு, இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும் விதத்திலிருந்தும் இறுக்கம் தளர்ந்த சில திருகுகளிலிருந்தும் வருகிறது. அந்தப் பங்கைச் சில நூறு ரூபாய்ச் செலவில், உரிமையாளரே, அதே லேத்தைக் கொண்டே திருத்திக்கொள்ள முடியும்.

பின்னணி

சிவகாசியின் தொழில் வரலாற்றில், விலை உயர்ந்த இயந்திரத்துக்குப் பதிலாகக் கையையும் எளிய சாதனத்தையும் நம்பிய முடிவு தொடக்கத்திலேயே இருக்கிறது. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த இயந்திரங்களுடன் சிவகாசியில் உற்பத்தியைத் தொடங்கினர். இயந்திர உற்பத்தி கட்டுப்படியாகாததால் விரைவிலேயே கைவேலை முறைக்கு மாறினர்.

கைவேலை என்றாலும் அதில் சாதனம் இல்லாமல் இல்லை. மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கி, அவை அசையாதபடி இறுக்கி, எல்லா முனைகளையும் ஒரே ஆழத்துக்கு மருந்தில் முக்குவதே அதன் உயிர்நாடி. குச்சியை அடுக்கும் கை யாருடையதாக இருந்தாலும் முனைகள் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இயந்திரப் பட்டறை மொழியில் இதற்கு ஜிக் என்று பெயர். பக்கத்துச் சாத்தூரில் ஒரு காலத்தில் குடிசைத் தொழிலாகப் பரவியிருந்த பேனா நிப்புத் தயாரிப்பும் டை என்னும் அச்சையே நம்பியிருந்தது. பட்டறையில் செய்யத்தக்க மேம்பாடுகளில் பாதிக்கு மேல் இதே வகையைச் சேர்ந்தவை: கண்ணும் கையும் ஒவ்வொரு முறையும் தேடும் அளவை ஒரு கட்டையோ தகடோ நிரந்தரமாகப் பிடித்து வைத்துவிடுகிறது.

தரை

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் மண். மேற்கே மலையடிவாரத்தை நெருங்கும்போது செம்மண் கலக்கிறது. கரிசலில் உள்ள களிக்கனிமம் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிக்கொண்டு மேலெழும். இதனால் வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுவதை இப்பகுதி மக்கள் நன்கு அறிவர். அதே தரையில் நிற்கும் லேத்தும் ஆண்டுக்கு இருமுறை முறுக்கப்படுகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

லேத்தின் நீண்ட வார்ப்பிரும்பு உடலான பெட், பார்வைக்கு வளையாத பொருளாகத் தெரியும். உண்மையில் அது நான்கு கால்களில் ஒன்று தாழ்ந்தாலும் சற்றே முறுகிக்கொடுக்கும். கால்களுக்கு இடையிலான அகலமும், காலிலிருந்து கடையும் மையத்தின் உயரமும் ஏறக்குறையச் சமமாக உள்ள ஒரு சிறு லேத்தை எடுத்துக்கொண்டால், ஒரு முனையில் ஒரு கால் 0.1 மி.மீ. தாழ்ந்து பெட் அதோடு முறுகும்போது, அந்த முனையில் டூலின் நுனியும் ஏறத்தாழ 0.1 மி.மீ. நகர்கிறது. கடையப்படும் பொருளின் விட்டத்தில் இது 0.2 மி.மீ. பிழை. ஒரு பேரிங் உட்காரும் இடத்தில் இவ்வளவு பிழை வந்தால் அந்த ஷாஃப்ட் குப்பைக்குத்தான் போகும்.

புதிதாகக் கொட்டகை போடுபவர்கள் இயந்திரம் நிற்கும் இடத்தில் மட்டுமாவது கரிசலைத் தோண்டி அகற்றி, கிராவல் நிரப்பித் திமிசு போட்டு, அதன்மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அமைப்பது நல்லது. அந்தத் தளம் சுவரோடும் மற்றத் தரையோடும் ஒட்டாமல் தனித்து நிற்க வேண்டும். கூரைத் தண்ணீர் அதன் ஓரத்தில் விழாதபடி பார்த்துக்கொள்வது கான்கிரீட்டின் கனத்தைவிட முக்கியம். மண் முழுக்கக் காய்ந்திருந்தாலும் முழுக்க நனைந்திருந்தாலும் தளம் ஒரே சீராக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நனைவதுதான் அதைச் சாய்க்கிறது.

ஏற்கெனவே உள்ள தரையை உடைக்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. பெஞ்சில் வைக்கும் அளவுள்ள சிறிய லேத்துக்குக் கனமான சதுரக் குழாய்களால் ஒரு சட்டகம் அமைத்து, அதற்கு மூன்று கால்களை மட்டும் வைத்தால், தரை எப்படி நகர்ந்தாலும் சட்டகம் சாயுமே தவிர முறுகாது. லேத் லேசாகச் சாய்ந்து நிற்பதால் வேலையில் பிழை வராது, முறுகினால்தான் வரும். தலைப்பக்கம் இரண்டு கால், வால்பக்கம் நடுவில் ஒரு கால் என்பது பொருத்தமான அமைப்பு. குழாய்களுக்குள் காய்ந்த மணலை நிரப்பி மூடிவிட்டால் அதிர்வும் அடங்கும். மூன்று கால் சட்டகம் பக்கவாட்டில் கவிழக்கூடியது என்பதால், அடிப்பகுதி அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். ஐந்தடி, ஆறடி நீளமுள்ள பெரிய லேத்துக்கு இம்முறை ஒத்துவராது.

இரு வளையச் சோதனை

கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் லேத்தை மட்டம் பார்க்கப் போதாது. இயந்திரங்களுக்கான நுண்ணிய ரசமட்டம் ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. வேறுபாட்டைக் காட்டும், அதன் விலை வீட்டுப் பட்டறைக்கு அதிகம். ஆனால் பெட் முறுகியிருக்கிறதா என்பதை லேத் தானே சொல்லிவிடும்.

30 முதல் 40 மி.மீ. விட்டமுள்ள ஓர் இரும்புத் தடியைச் சக்கில் பிடித்து, 120 முதல் 150 மி.மீ. வரை வெளியே நீட்டிக்கொள்ள வேண்டும். டெயில் ஸ்டாக்கால் முட்டுக் கொடுக்கக் கூடாது. தடியின் நடுப்பகுதியைச் சற்றுக் குறைத்துக் கடைந்தால், சக்கை ஒட்டி ஒன்றும் வெளிமுனையில் ஒன்றுமாக இரண்டு வளையங்கள் எஞ்சும். கூரிய டூலால், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், மிக மெல்லிய ஒரே வெட்டாக இரண்டையும் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்து ஒப்பிட வேண்டும்.

இரண்டும் 0.01 மி.மீ.க்குள் ஒத்திருந்தால் கவலை இல்லை. வெளிமுனை வளையம் பெரிதாக இருந்தால், அந்த முனையில் டூல் வேலையிலிருந்து விலகி, இயக்குபவர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். வால்பக்கத்தின் முன்கால் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி போல்ட்டை இறுக்கினால் டூல் பின்னோக்கிச் சாய்ந்து வேலையை நெருங்கும். வளையம் சிறிதாக இருந்தால் பின்காலுக்குத் தகடு. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு மெல்லிய வெட்டு எடுத்து அளக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் அரை நாள் வேலை. கரிசல் நிலத்தில் இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்து நிறுத்திக்கொள்ள முடியாது. மழைக்குப் பின் ஒன்று, கோடை முற்றியதும் ஒன்று என இருமுறை தேவைப்படும். சோதனைத் தடியைப் பத்திரமாக வைத்திருந்தால் பலமுறை உதவும்.

தகடுக்குச் சிவகாசியில் பஞ்சமே இல்லை. ஆஃப்செட் அச்சகங்களில் ஓடி முடிந்த அலுமினிய பிளேட்டுகள் பழைய பொருளாக விற்கப்படுகின்றன. 0.15, 0.3 மி.மீ. போன்ற கனங்களில் வரும் இந்த பிளேட்டுகள் பரப்பு முழுவதும் ஒரே சீரான கனம் கொண்டவை. மையைத் துடைத்து, கத்தரியால் வெட்டி, ஓரப் பிசிறை எண்ணெய்க்கல்லில் தேய்த்துவிட்டால் தரமான பேக்கிங் தகடு தயார். வேறு ஊர்களில் இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

டூல் உயரமும் தளர்ச்சியும்

டூலின் நுனி, சுழலும் பொருளின் மையத்துக்கு நேராக நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முகப்பைக் கடையும்போது நடுவில் குமிழ் எஞ்சும். உயர்ந்திருந்தால் டூல் வெட்டாமல் உரசும். இதைப் பார்க்கப் பழைய தொழிலாளர்கள் கையாளும் முறை எளியது. லேத்தை நிறுத்திவிட்டு, உருண்டைத் தடிக்கும் டூல் நுனிக்கும் இடையே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாக நசுக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. மேல்முனை இயக்குபவர் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. மறுபக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு டூலுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்யாமலிருக்க, மைய உயரத்துக்குச் சரியாகக் கடைந்த ஓர் உருளைத் துண்டைச் செய்து பெட்டின் மேல் நிறுத்திப் பார்த்தால் போதும். தீப்பெட்டிச் சட்டத்தின் அதே தத்துவம்தான். டூலுக்குத் தேவையான தகடுகளை அந்த டூலோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடலாம். உடைந்த ஹாக்சா பிளேடு துண்டுகளை அடுக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் வளைந்த துண்டுகளைப் பல அடுக்காகச் செருகினால் டூல் ஸ்பிரிங் போல் துள்ளும்.

பழைய லேத்தில் வேலைப்பரப்பு அலை அலையாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லைடுகளின் ஜிப் பட்டி. இது தேய்மானத்தை ஈடுகட்டவே பக்கவாட்டில் வைக்கப்பட்ட மெல்லிய பட்டி. பக்கத் திருகுகளால் இறுக்கலாம். திருகுகளை எல்லாம் ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. ஸ்லைடைக் கழற்றி, பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் இரும்புத் தூளையும் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, ஒவ்வொரு திருகாகச் சிறிது சிறிதாக இறுக்கி, கைப்பிடி சற்றே கனமாகச் சுழலும் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தக் கழுவலும் இறுக்கலும் தருகிற பலனைப் புதிதாக வாங்கும் எந்த விலையுயர்ந்த டூலும் தராது.

திருகாணிக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்ச்சியை முழுதும் போக்க முடியாது. எப்போதும் ஒரே திசையில் சுழற்றி அளவுக்கு வருவது என்ற பழக்கம் அதைச் செயலற்றதாக்கும். தளர்ச்சி கைப்பிடியில் கால் சுற்றைத் தாண்டினால் கன்மெட்டலில் புதிய நட்டு செய்யலாம். அந்த நட்டை அதே லேத்தில் கடையலாம் என்பதுதான் இந்த இயந்திரத்தின் தனிச் சிறப்பு. இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே 1800ஆம் ஆண்டையொட்டித் திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தியபோது செய்ததும் இதுவே: ஒரு திருகாணியைக் கொண்டு அதைவிடச் சிறந்த திருகாணியை வெட்டுவது.

வெளிச்சமும் மின்சாரமும்

நிழல் விழாத வெளிச்சம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிச்சமே ஏமாற்றும் என்பது பலருக்குத் தெரியாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. மூன்று தாடைச் சக் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 தாடைகள் ஒரே இடத்தைக் கடக்கும். விளக்கின் துடிப்பும் தாடையின் வரவும் ஒத்துப்போவதால் சக் நின்றுகொண்டிருப்பதுபோல் தோன்றும். நான்கு தாடைச் சக்குக்கு இது 1500 சுற்றில் நிகழும். ஓடும் சக்கை நின்றதாக நினைத்துக் கை வைத்தால் விரல் போகும். துடிப்பில்லாத நல்ல எல்இடி விளக்கு ஒன்றையோ பழைய குண்டு பல்பையோ சக்குக்கு நேராகப் பொருத்துவதே தீர்வு.

மின்வெட்டு இன்னொரு ஆபத்து. சாதாரண சுவிட்சில் ஓடும் லேத், மின்சாரம் போனதும் நின்று, திரும்பியதும் தானே ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் சக் சாவி சக்கிலேயே இருந்தால் அது எறிகணையாகும். பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கொண்ட ஸ்டார்ட்டர் பொருத்தினால், மின்சாரம் போனவுடன் உள்ளிருக்கும் காண்டாக்டர் விடுபட்டு, மறுபடி பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இதோடு சக் சாவிக்குச் சுவரில் ஒரு கூடு செய்து, அதன் அடியில் ஒரு லிமிட் சுவிட்சை வைத்து, ஸ்டார்ட்டரின் நிறுத்தும் சுற்றோடு தொடர் இணைப்பில் சேர்த்துவிட்டால், சாவி கூட்டில் இல்லாதவரை லேத் கிளம்பவே கிளம்பாது. எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவு காப்பானும் கட்டாயம். இந்த இணைப்புகளை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட வேண்டும். வீட்டு உபயோக இணைப்பிலிருந்து தொழிலுக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறல். குடிசை, குறுந்தொழில்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது.

உடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே பட்டறை என்பதால் கைலியோடும் தோளில் துண்டோடும் லேத்துக்கு முன் நிற்பது சாதாரணமாகிவிடுகிறது. லீட் ஸ்க்ரூவில் சிக்கும் துணி கிழிந்து விடுபடாது. ஆளையும் சேர்த்து இழுக்கும். கையுறையும் அப்படியே. வெட்டுச் சுருளை அகற்ற, நுனி வளைந்த ஒரு கம்பிக் கொக்கி போதும்.

பட்டாசு வட்டாரத்துக்கே உரிய எச்சரிக்கைகள்

வேறு மாவட்டத்துப் பட்டறைக்கும் சிவகாசிப் பட்டறைக்கும் உள்ள பெரிய வேறுபாடு பக்கத்து வேலி. கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறி மற்ற இடங்களில் தரையில் விழுந்து அணைந்துவிடும். இங்கே அது எங்கே விழுகிறது என்பது கேள்வி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உராய்வும் பொறியும் இத்தொழிலில் எவ்வளவு அஞ்சப்படுகின்றன என்பதற்குப் பட்டாசு ஆலைக் கூடங்களில் இரும்புக் கருவிகள் விலக்கப்பட்டிருப்பதே சான்று. மருந்தைக் கையாள மரம், பித்தளை, செம்பு ஆகியவற்றால் ஆன கருவிகளே பயன்படுகின்றன. அவற்றைச் செய்துகொடுக்கும் பட்டறை, பித்தளைக்கென்று தனி அரமும் தனி மேசையும் வைத்துக்கொள்ள வேண்டும். இரும்பை அராவிய அரத்தால் பித்தளையை அராவினால் இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். பார்வைக்குப் பித்தளை, உரசினால் இரும்பு.

கிரைண்டர் கல்லுக்கும் இதே விதி. ஒரே கல்லில் அலுமினியத்தையும் இரும்பையும் மாறி மாறிப் பிடிப்பது பரவலான தவறு. அலுமினியம் கல்லின் துளைகளை அடைத்து அதைச் சூடேற்றி உடைக்கக்கூடும் என்பது ஒன்று. நுண்ணிய அலுமினியத் தூளும் துருப்பிடித்த இரும்புத் தூளும் சேர்ந்த கலவை, தெர்மிட் என்னும் கடும் வெப்பம் உமிழும் வினைக்கு உரிய பொருள் என்பது மற்றொன்று. கல்லின் உறைக்குள்ளும் மேசைக்கடியிலும் சேரும் தூளை வாரம் ஒருமுறையாவது ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காற்றடித்துப் பறக்கவிடுவது நிலைமையை மோசமாக்கும்.

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளிலிருந்து பழுதுபார்க்க வரும் உறுப்புகளே எல்லாவற்றிலும் ஆபத்தானவை. திருகு மரைகளின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மருந்துத் தூள் கண்ணுக்குத் தெரியாது. தீப்பெட்டி மருந்தில் உள்ள பொட்டாசியம் குளோரேட், கந்தகத்தோடு சேர்ந்தால் உராய்விலேயே வெடிக்கும். எண்ணெயும் மரத்தூளும் கலந்தாலும் அபாயகரமானதே. பட்டறையிலோ இவை இரண்டும் எங்கும் சிந்திக்கிடப்பவை. எனவே உறுப்பை ஆலையின் உள்ளேயே, அதற்குப் பொறுப்பானவரின் மேற்பார்வையில் கழுவிச் சுத்தம் செய்து அனுப்பினால் மட்டுமே வாங்குவது என்று பட்டறைக்காரர் உறுதியாக இருக்க வேண்டும். கூலி போகிறதே என்று இதில் தயங்குவதற்கில்லை. திரி சுற்றுவதும் வாணம் கட்டுவதும் நடக்கும் வீட்டோடு ஒரே கூரையில் பட்டறை இருக்கவே கூடாது. உரிமமின்றி வீட்டில் பட்டாசு செய்வது வெடிபொருள் விதிகளின்படி குற்றமும் ஆகும்.

இரசாயனம் வந்த காலி டிரம்களை வாங்கிக் குறுக்கே வெட்டி, கூலண்ட் தொட்டியாகவோ இரும்புச் சுருள் போடும் தொட்டியாகவோ மாற்றிக்கொள்வது சிக்கனமான யோசனையாகத் தோன்றும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் கட்டிங் வீலையோ வெல்டிங்கையோ வைப்பது, மூடி திறந்திருந்தாலும்கூட, உயிரைப் பணயம் வைப்பதாகும். மடிப்பு ஓரங்களிலும் துருவின் அடியிலும் தங்கிய பொருள் சூட்டில் ஆவியாகி ஒரே நொடியில் பற்றும். அந்தத் தொட்டியைப் புதிய தகரத்தில் மடித்து ரிவிட் அடித்துச் செய்ய ஒரு பிற்பகல் போதும்.